என்னை ஏன் வேலைக்குக் கூப்பிடுவதில்லை?

வகுப்பில் பாடம் நடத்தும்போது சட்டைப்பையில் போன் அதிர்ந்தால், இன்றைக்கும் என் கையிலிருக்கும் சாக்பீஸ் எழுத்தை விட்டுக் கோடு இழுத்துக்கொண்டு போய்விடும். பிள்ளைகள் சிரிப்பார்கள். பெரும்பாலும் அது ஏதாவது விளம்பர அழைப்புதான். ஆனாலும் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் மறுபடி கரும்பலகைப் பக்கம் திரும்புவேன்.

இந்த நடுக்கம் என் மனைவி காணாமல்போன அன்று பிடித்தது; மறுபடி அப்படியொரு செய்தி வருமோ என்ற பயம்.

அவளுக்கு மறதி நோய் என்று அதற்கு முந்தைய வருடமே சொல்லிவிட்டார்கள். வயது ஐம்பதைத் தாண்டிக் கொஞ்சம்தான். எண்பது வயதுக்காரர்களுக்கு வருகிற நோய் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். மலைமேல் தேவனூர் நாட்டில் எங்கள் ஊர்; எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு. மிளகும் மரவள்ளியும் சாமையும் போட்டு எங்கள் நிலத்தை நடத்தியவள் அவள். நான் அரசுப் பள்ளி ஆசிரியன்; நிலத்தில் என் பங்கு, சனிக்கிழமை போய் நின்றுகொண்டு, "இது என்ன பூச்சி?" என்று கேட்டு அவளுக்குக் கோபமூட்டுவது. ஒரே மகள். சேலத்தில் தங்கி நர்சிங் படிக்கிறாள்.

அன்று பள்ளி விட்டு வந்தபோது வீடு திறந்து கிடந்தது. அடுப்பில் வைத்த தண்ணீர் ஆறிப்போயிருந்தது. ஊரே கிளம்பித் தேடியது. பொழுது சாய்கிற நேரத்தில், கீழே மலையடிவாரத்துப் புளியஞ்சோலைப் பக்கம் இறங்குகிற பாதையில் ஒரு பாறைமேல் அவள் உட்கார்ந்திருந்ததை மாடு தேடிப் போனவர்கள் பார்த்துக் கூட்டிவந்தார்கள். காலெல்லாம் முள் கீறல். இடுப்பில் களைக்கொத்தைச் செருகியிருந்தாள்.

"எங்க புள்ள போனே?"

"வேலைக்கு."

எத்தனை தடவை கேட்டும் அதே பதில்தான். நோய் பேச வைக்கிறது என்று நான் கேட்பதை நிறுத்திவிட்டேன்.

செய்தி மகளுக்கு எப்படியோ போய்விட்டது. "நான் படிப்ப நிறுத்திட்டு வாரேன்ப்பா. அம்மாகூட இருக்கறேன்" என்றாள். அழவில்லை, முடிவு செய்துவிட்ட குரலில் சொன்னாள். அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது. என் மனைவியை எப்படியாவது வீட்டில் பத்திரமாக இருக்க வைக்க வேண்டும், இல்லையென்றால் மகளின் படிப்பு போய்விடும். அன்றிலிருந்து எனக்கு வேறு யோசனையே கிடையாது. பக்கத்து வீட்டுப் பெண், என் மனைவியை அக்கா என்று கூப்பிடுகிறவள், "நீங்க பள்ளிக்கூடம் போங்க மாமா, அக்காவ நான் பாத்துக்கறேன்" என்றாள். சொன்னபடியே பார்த்துக்கொண்டாள். எங்கள் நிலத்து வேலையும் நிற்கவில்லை. அக்கம்பக்கத்தார் வந்து களை எடுத்தார்கள், கிழங்கு பிடுங்கி லாரி ஏற்றிவிட்டார்கள். அவ்வளவு நல்ல மனிதர்கள்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு டாக்டரம்மா மலைக்கு வந்தார். சமவெளியில் ஒரு மருத்துவக் கல்லூரியில் வேலை பார்ப்பவர். வயது முப்பத்தைந்துக்குள் இருக்கும். மறதி நோயைப் பற்றி மலையில் ஓர் ஆராய்ச்சி செய்யப் போவதாகச் சொன்னார். புது மாத்திரை கொடுக்கப் போகிறார்கள் என்று நினைத்து ஆவலோடு கேட்டேன்.

"மாத்திரை இல்லீங்க சார். என்னத்த ஆராய்ச்சி பண்ணணும்னு இந்த நோய் இருக்கறவங்ககிட்டயே கேக்கப் போறோம். அவங்கள வெச்சு ஒரு குழு. கேள்விய அவங்கதான் முடிவு பண்ணுவாங்க."

"நேத்து என்ன சாப்பிட்டோம்னு தெரியாதவங்ககிட்டயா?"

"நேத்து சாப்பிட்டதக் கேக்கமாட்டோங்க. இன்னைக்கு எது கஷ்டமா இருக்குன்னு கேப்போம்."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஆனால் ஆராய்ச்சிக்கான யோசனைகளில் ஒன்றாக, கையில் கட்டிவிட்டால் ஆள் இருக்கும் இடத்தைப் போனில் காட்டும் ஒரு பட்டையைப் பற்றிச் சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்காக என் மனைவியைக் குழுவில் சேர்க்கச் சம்மதித்தேன். அவளிடமும் டாக்டரம்மா தனியாகக் கேட்டார். "கூட்டமா? டீ குடுப்பாங்களா?" என்று கேட்டுவிட்டு அவளும் சரி என்றாள்.

முதல் கூட்டம் சுகாதார நிலையத்தில் நடந்தது. நோய் இருப்பவர்கள் முன்னால் வட்டமாக, பார்த்துக்கொள்கிறவர்கள் அவர்களுக்குப் பின்னால். பின்னால் இருப்பவர்கள் கேட்டால் ஒழியப் பேசக் கூடாது. முடிவு எடுக்கும்போது கை தூக்கவும் கூடாது. இது டாக்டரம்மா போட்ட விதி. என் மனைவிக்குப் பக்கத்தில் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர். ஆலத்தூர் நாட்டுக்காரர். வந்தவர்களையெல்லாம் "உள்ள தள்ளிப் போங்க, எடம் இருக்குது" என்று உட்கார வைத்தார். நோய் பேசுகிறதா, கிண்டல் செய்கிறாரா என்று கண்டுபிடிக்க முடியாத ஆள்.

டாக்டரம்மா என் மனைவியைப் பார்த்து ஏதோ கேட்டார். அவள் வாசல் பக்கம் பார்த்தாள். தொண்டையைச் செருமி மெதுவாக ஒரு வார்த்தை எடுத்துக்கொடுத்தேன். கண்டக்டர் திரும்பினார்.

"வாத்தியாரே, பரீட்ச நடக்குது. பிட்டு குடுக்காதீங்க."

கூட்டமே சிரித்தது. என் மனைவியும் சிரித்தாள். ஆனால் அன்று அவள் பேசியது ஒரே ஒரு வாக்கியம்: "ஊட்டுல மொளகு காயுது. நான் போகணும்."

வேறு யாராக இருந்தாலும் அடுத்த கூட்டத்துக்கு அவளைக் கூப்பிடாமல் விட்டிருப்பார்கள். டாக்டரம்மா, "அப்ப மொளகுகிட்டயே உக்காந்து பேசலாமாக்கா?" என்று கேட்டார்.

அப்படித்தான் இரண்டாவது கூட்டம் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தது. பறித்த மிளகுச் சரங்களைத் தார்ப்பாயில் குவித்துவைத்திருந்தோம். சுற்றி உட்கார்ந்து எல்லோரும் மணியை உதிர்த்தார்கள். டாக்டரம்மாவும் புடவையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் வியர்வையைத் துடைக்கிறேன் என்று மிளகுக் கையால் கண்ணைத் தேய்த்துவிட்டார்.

"ஐயோ, கண்ணுல கைய வைக்காதே சாமி!" என் மனைவி எழுந்து ஓடி, அவரைத் தொட்டிக்கு இழுத்துக்கொண்டு போய்த் தண்ணீரை அள்ளி அள்ளி ஊற்றினாள். "எத்தன படிச்சு என்ன பண்றது, கைய எங்க வைக்கறதுன்னு தெரியல" என்றாள். டாக்டரம்மா கண்ணீரும் சிரிப்புமாக, "இதெல்லாம் பாடத்துல வரலீங்கக்கா" என்றார்.

அதற்குப் பிறகுதான் அவளுக்குப் பேச்சு வந்தது. கை வேலையில் இருந்தால் வாயும் திறக்கிறது என்று நான் அப்போது கவனித்தேன்.

"அக்கா, இந்த நோய் வந்ததுக்கப்புறம் உங்களுக்கு ரொம்ப மனசு கஷ்டமானது எது?" டாக்டரம்மா கேட்டார்.

மகள் பெயர் சில நாள் வாயில் வராது. உப்பை இரண்டு தடவை போடுவாள். அதில் ஏதாவது ஒன்றைச் சொல்வாள் என்று காத்திருந்தேன்.

"என்னைய யாரும் வேலைக்குக் கூப்பிடறதில்ல."

வெளியூர்க்காரர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் பக்கம் மேட்டு நிலத்தைக் காடு என்போம். காட்டு வேலைக்குக் கூலிக்கு ஆள் வைப்பது குறைவு. ஆளுக்கு ஆள் மாற்றிக்கொள்வோம். இன்று என் காட்டுக்கு நாலு வீட்டுக்காரர்கள் வந்து களை எடுத்தால், அவர்கள் காட்டில் வேலை வரும்போது நான் போக வேண்டும். முந்தின நாள் சாயங்காலம் வாசலில் வந்து நின்று, நாளைக்கு வாருங்கள் என்று கூப்பிடுவார்கள். அப்படிக் கூப்பிடாத வீடு என்றால் ஒன்று சண்டை, இல்லையென்றால் சாவு.

எங்கள் வீட்டில் இரண்டும் இல்லை. ஆனால் நோய் வந்ததிலிருந்து எல்லோரும் எங்கள் காட்டுக்கு வந்தார்கள். யாரும் அவளைத் தங்கள் காட்டுக்குக் கூப்பிடவில்லை.

பக்கத்து வீட்டுப் பெண்ணும் அன்று குவியலருகே உட்கார்ந்திருந்தாள். அவள் கை நின்றுவிட்டது. "ஐயோ அக்கா, உங்களக் கஷ்டப்படுத்தக் கூடாதுன்னுதான் கூப்பிடல."

"நீ எங்காட்டுக்கு வந்தியா இல்லியா?"

"வந்தேனுங்க."

"சாமைக்குக் களை எடுத்தியா?"

"எடுத்தேன்."

"அப்ப நான் உங்காட்டுக்கு வரணுமா வேண்டாமா? நீ கூப்பிடுவே கூப்பிடுவேன்னு பாத்தேன். நீ கூப்பிடல. நானே வந்தேன் அன்னைக்கு. வழிதான் மாறிப்போச்சு."

நான் எழுந்து நின்றுவிட்டேன். அந்தப் பெண்ணின் காடு புளியஞ்சோலைப் பாதை பிரிகிற இடத்துக்குச் சற்றுத் தள்ளி இருக்கிறது. பிரிவில் இடது பக்கம் திரும்ப வேண்டும். என் மனைவி நேராக இறங்கியிருக்கிறாள். அவள் அன்று எதையும் உளறவில்லை. வேலைக்குத்தான் போயிருக்கிறாள்.

கண்டக்டர் கையிலிருந்த சரத்தைக் கீழே வைத்தார்.

"எனக்கும் அதேதாங்க. பஸ் ஸ்டாண்டுக்குப் போனா, முன்னெல்லாம் 'அண்ணே, சந்தை அன்னைக்கு எந்த வண்டிய முன்னால விடலாம்'னு பசங்க வந்து கேப்பாங்க. இப்ப டீ வாங்கிக் குடுக்கறாங்க. டீ நல்லாத்தான் இருக்குது. கேக்கறதுதான் இல்ல."

டாக்டரம்மா கண் சிவந்தபடியே நிமிர்ந்தார். "இதுதான் நம்ம கேள்வின்னு எனக்குத் தோணுது. நோய் வந்தவங்கள வேலைக்குக் கூப்பிடறத ஊர் எப்ப நிறுத்துது? நிறுத்தாம இருந்தா, அவங்க எப்படி இருப்பாங்க?"

அந்த இடத்தில் நான் விதியை மீறினேன். "இதெல்லாம் ஒரு கேள்வியா டாக்டர்? மறுபடியும் காணாமப்போனா யாரு பதில் சொல்றது? அந்தப் பட்டைய ஆராய்ச்சி பண்ணுங்க. எனக்கு ஒரு பொண்ணு இருக்குது, அவ படிக்கணும்."

என் மனைவி என்னை அண்ணாந்து பார்த்தாள். "ஏனுங்க, பட்டையத்தான போடணும்? போடுங்க. ரெண்டு கைக்கும் போடுங்க. போட்டுக்கிட்டு எங்க போறது? அடுப்படிக்கா?"

பிறகு கை தூக்கச் சொன்னார்கள். நோய் இருப்பவர்கள் மட்டும். பட்டைக்குச் சில கைகள் எழுந்தன. அவள் கேள்விக்கு அதைவிட அதிகமான கைகள் எழுந்தன. கண்டக்டர் இரண்டு கையையும் தூக்கினார். ஒன்றுதான் செல்லும் என்று சொன்ன பிறகு மனமில்லாமல் ஒன்றை இறக்கினார். நான் என் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

இரவு மகளிடம் போனில் புலம்பினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "அம்மா தானே கேட்ட கேள்வியாப்பா?" என்றாள். ஆமாம் என்றேன். "அப்ப முடிவு தெரியற வரைக்கும் நான் படிப்ப நிறுத்தல" என்றாள்.

முடிவு மலையில் இல்லை. ஆராய்ச்சிகளுக்கு அனுமதி தரும் குழு மருத்துவக் கல்லூரியில் கூடும். அவர்கள் சரி என்றால்தான் அந்தக் கேள்வி ஆராய்ச்சியாகும். நோயாளிகள் வரத் தேவையில்லை, டாக்டர் வந்து விளக்கினால் போதும் என்று அங்கிருந்து சொல்லியிருக்கிறார்கள். கேள்விக்குச் சொந்தக்காரர்கள் வராமல் நான் வரமாட்டேன் என்று டாக்டரம்மா பதில் சொல்லிவிட்டார்.

டாக்டரம்மாவும் கண்டக்டரும் நாங்கள் இருவரும் பஸ்ஸில் மலை இறங்கினோம். எங்கே பேச்சை மறந்து நிற்பாளோ, யாராவது சிரித்துவிடுவார்களோ என்று வழியெல்லாம் எனக்குப் பயம். என் மனைவி ஜன்னலோரம் நன்றாகத் தூங்கினாள்.

நீளமான மேஜை. சுற்றிப் பெரிய டாக்டர்கள். தலைவர் நரைத்த தலைப் பேராசிரியர் ஒருவர். டாக்டரம்மா எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னார். எந்தெந்த ஊரில் செய்வது, எப்படி அளப்பது என்று கேட்டதற்கெல்லாம் அவரிடம் பதில் இருந்தது. கடைசியில் கண்ணாடி போட்ட ஒருவர் எங்கள் பக்கம் திரும்பாமலே சொன்னார்:

"கேள்வி நோயாளி கேட்டதுன்னு சொல்றீங்க. அத எப்படி நம்பறது? பக்கத்துல வீட்டுக்காரர் இருக்கார். ஆசிரியர் வேற. அவர் சொல்லிக்குடுத்திருக்கலாமே?"

என் காது சூடானது. நான் வாயைத் திறப்பதற்குள் அவள் எழுந்துவிட்டாள்.

"இவரா? இவரு வேண்டாம்னாருங்க!"

மேஜையின் ஒரு கோடியில் சிரிப்பு கிளம்பிச் சுற்றி வந்தது. கண்ணாடிக்காரரும் சிரித்தார். "கூட்டத்துல எந்திரிச்சு நின்னு சத்தம் போட்டாருங்க" என்று கண்டக்டர் சாட்சி சொன்னார். தலைவர் கையமர்த்திவிட்டு, "சொல்லுங்கம்மா. நீங்க ஏன் இதக் கேக்கறீங்க?" என்று அவளிடமே கேட்டார்.

"நானுங்க... ஆள் மாத்திக்கறதுங்க எங்க ஊருல. அவ வந்தா நான் போகணும். நான்..."

நின்றுவிட்டாள்.

நான் பயந்தது நடந்துவிட்டது. அவள் முகம் வெறுமையானது. உதடு அசைந்தது, வார்த்தை இல்லை. யாரோ பேனாவை மூடினார்கள். டாக்டரம்மா அவளைப் பார்த்தாரே தவிர உதவிக்குப் போகவில்லை. எனக்கு அடுத்த வார்த்தை தெரியும். நாக்கு நுனியில் இருந்தது. கண்டக்டர் என் முழங்கால்மேல் கையை வைத்து அழுத்தினார்.

அவள் கையைத் தூக்கி, எங்கள் ஊரில் பஸ்ஸை நிறுத்துவது மாதிரி அந்த மேஜைக்குக் காட்டினாள்.

"இருங்க. வரும்."

அவர்கள் இருந்தார்கள். தலைவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. அத்தனை படித்தவர்கள், அத்தனை வேலை இருப்பவர்கள், என் மனைவிக்கு ஒரு வார்த்தை வந்து சேர்வதற்காகக் காத்திருந்தார்கள். அவள் அவசரப்படவில்லை.

வந்தது.

"எனக்குச் சோறு போடறாங்க. தண்ணி வெக்கறாங்க. எங்காட்டு வேலையெல்லாம் அவங்களே பண்ணிக் குடுக்கறாங்க. அல்லாரும் நல்லவங்கதானுங்க. ஆனா நான் யாருக்கும் ஒண்ணும் பண்றதில்ல. கை நல்லாத்தான இருக்குது?" இரண்டு கைகளையும் மேஜைமேல் விரித்துக் காட்டினாள். மிளகுக் கறை ஏறிய விரல்கள். "என்னையக் கூப்பிட்டா நான் எவ்வளவு நாளைக்குப் போவேன்? அதப் பாத்துச் சொல்லுங்க. மாத்திரை அப்புறமாக் கண்டுபிடிங்க."

கண்ணாடிக்காரர்தான் முதலில் எழுதத் தொடங்கினார். ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: கூப்பிடுகிறவர் வீட்டுக்கு வந்து கையோடு அழைத்துப்போய், கையோடு கொண்டுவந்து விட வேண்டும். தனியாக அனுப்பக் கூடாது.

"அது எப்பவும் அப்படித்தானுங்களே" என்றாள் அவள். "ஒத்தையில யாரு காட்டுக்குப் போவா?"

அனுமதி கிடைத்தது. வெளியே வராந்தாவில் டாக்டரம்மா அவளைக் கட்டிக்கொண்டு அழுதார். "கண்ணத் தேச்சிட்டியா மறுபடியும்?" என்று இவள் அதட்டினாள். கண்டக்டர் சுவரைப் பலமாகத் தட்டி, "போலாம், ரைட்!" என்று கத்தினார். வெள்ளைக் கோட்டு போட்ட மாணவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மகளுக்குப் போன் செய்தேன். என் மனைவி போனை வாங்கி, "சாமி, உங்கம்மா ஜெயிச்சுட்டா. நீ ஒழுங்காப் படி" என்று சொல்லிவிட்டு, பொத்தானைத் தேடாமல் அப்படியே என்னிடம் நீட்டினாள். உள்ளே மகள் அழுதுகொண்டே சிரிப்பது கேட்டது.

ஆராய்ச்சி எங்கள் ஊரிலேயே தொடங்கியது. ஒரு சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பெண் எங்கள் வாசலில் வந்து நின்றாள். எப்போதும் நேரே அடுப்படி வரை வருகிறவள், அன்று முறையாக வாசலிலேயே நின்றாள்.

"அக்கா, நாளைக்கு எங்க காட்டுல மொளகு பறிக்கறோம். வாரீங்களா?"

என் மனைவி புடவையை உதறி இழுத்துச் செருகினாள்.

"மத்தியானத்துக்கு என்ன கொழம்பு?"

"அவரைக்காய்ங்க்கா."

"போன தடவ உப்பே இல்ல. பாத்துப் போடு. ஏணி நானும் ஏறுவேன்."

"ஏணியெல்லாம் வேண்டாங்க்கா, கீழ நின்னு உதுத்துக் குடுங்க."

"அங்க வந்து பேசிக்கலாம். வாரேன் போ."

மறுநாள், டாக்டரம்மா வாங்கிக் கொடுத்திருந்த பட்டையைக் கையில் கட்டிவிட்டேன். இருவரும் பேசிக்கொண்டே போனார்கள். நான் பள்ளிக்குப் போனேன். பாடம் நடத்தியதாகச் சொல்ல முடியாது. மத்தியான இடைவேளையில் வண்டியை எடுத்துக்கொண்டு அந்தக் காட்டுக்கு மேலே இருக்கிற ரோட்டுத் திருப்பத்தில் போய் நின்றேன். ஆள் தெரியவில்லை. குரல் கேட்டது. பிஞ்சையெல்லாம் ஏன் பறிக்கிறாய் என்று யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள். இறங்கிப் போய்ப் பார்த்துவிடலாமென்று ஒரு காலைக் கீழே வைத்தேன். ஆனாலும் வண்டியைத் திருப்பிவிட்டேன்.

சாயங்காலம் அந்தப் பெண் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனாள். அலுப்போடு வந்து உட்கார்ந்தவள், தண்ணீரைக் குடித்துவிட்டு, உடனே எழுந்தாள்.

"எங்க போறே புள்ள?"

"நான் போயிட்டு வந்துட்டேன்ல? இனி அவதான் வரணும்."

நான் செருப்பைத் தேடுவதற்குள் பக்கத்து வாசலில் போய் நின்றிருந்தாள். ஊருக்கே கேட்கிற குரல்.

"ஏ புள்ள, நாளைக்கு எங்க காட்டுக்கு வா!"